காய்ந்திருந்த கிண்ணம்

காங்கேயத்தில் இருக்கும் என் அத்தையின் தையல் இயந்திரத்துக்குக் கடந்த ஐப்பசியில் மூன்று முறை கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். மூன்று முறையும் உப்புத்தாள் போட்டு, வார்ப்பிரும்பு தெரியும்வரை தேய்த்து எடுத்தேன். முதல் முறை தூசி என்று நினைத்தேன். இரண்டாம் முறை தின்னரின் மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் முறை, இயந்திரத்தின் கை வளைவில் பெயிண்ட் கண்ணாடிபோல் படிந்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்பிரே கன் ஒரு நொடி இருமியது. கடுகளவுத் துளிகள் ஏழெட்டு வந்து விழுந்தன. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பெயிண்ட் விலகி, நடுவில் குழியும் ஓரத்தில் வரப்புமாக உறைந்துபோயிற்று. தீபாவளி நோம்பிக்கு வந்திருந்த அத்தை அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, அம்மை வாத்த மூஞ்சியாட்ட இருக்குதே” என்றார். நாற்பது ஆண்டுகள் ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து அவருடைய பிள்ளைகளைப் படிக்கவைத்த இயந்திரம் அது. அந்தச் சொல் பல நாள் என் காதை விட்டுப் போகவில்லை.

சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டின் பின்புறம் முன்பு மாடு கட்டியிருந்த சாளையைத்தான் பட்டறையாக மாற்றி வைத்திருக்கிறேன். சிறிய லேத் ஒன்று, துளை போடும் இயந்திரம் ஒன்று, 2 எச்.பி. மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடும் கம்ப்ரசர் ஒன்று. கம்ப்ரசர் அடைத்த காற்றில் தண்ணீர் வரும் என்பது பஞ்சர் ஒட்டும் கடைப் பையனுக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் டேங்கிலிருந்து காற்று வெளியேறும் இடத்திலேயே, அடியில் கண்ணாடிக் கிண்ணம்போல் தெளிவான கிண்ணம் கொண்ட நீர்ப்பிரிப்பான் ஒன்றைத் திருகி மாட்டியிருந்தேன். காற்று அதற்குள் சுழன்று போகும்; சுழற்சியில் நீர்த்துளிகள் சுவரில் மோதிக் கிண்ணத்தில் வடியும். முதல் தோல்விக்குப் பிறகு அதைவிடப் பெரியதை வாங்கினேன். இரண்டாவது தோல்விக்குப் பிறகு, அதற்கு அடுத்தாற்போல் 5 மைக்ரான் வடிகட்டி ஒன்றையும் சேர்த்தேன். செலவு ஏறியதே தவிரத் துளி நிற்கவில்லை.

மூன்றாம் முறை கெட்டுப்போன அன்று மாலை, கோபத்தோடு அந்தக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. விரலை விட்டுத் தடவினேன், காய்ந்திருந்தது. ஹோஸின் மறுமுனையில் இருந்த கன்னைக் கழற்றிவிட்டு, அந்த முனையைச் செய்தித்தாளின் மேல் பிடித்து வால்வைத் திறந்தால், தாள் நனைந்து கிழிந்தது. பத்து மீட்டர் ஹோஸுக்கு இந்தப் பக்கம் காய்ந்த காற்று, அந்தப் பக்கம் ஈரக் காற்று. நடுவில் தண்ணீர் நுழைய வழியே இல்லை. அதுவரை கிண்ணம் காய்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் காற்று காய்ந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அந்தக் காய்ந்த கிண்ணத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஈரம் ஏற்றிப் பழகிய கை

ஸ்பின்னிங் மில்லில் 24 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அதில் பெரும்பகுதி ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில். காற்றுக்கு ஈரம் ஏற்றுவதுதான் என் தொழிலாக இருந்தது. பருத்தி இழை காய்ந்தால் வலுவிழக்கும், பஞ்சு பறக்கும், நூல் அறும். ஆகவே நூற்பு அறையில் ஈரப்பதத்தை 55, 60 விழுக்காட்டில் நிறுத்தி வைப்போம். உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் அடியில் நனைந்த துணித் திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையில் பார்த்து, ஷிஃப்ட்டில் பல முறை எழுதி வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று உள்ளே வரும் மாதங்களில் எங்கள் வேலை இலகுவாகிவிடும்; பங்குனி, சித்திரையில் உயிரை எடுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் இருக்கும் அந்த இடைவெளியின் ஈரக் காற்று கோவைக்கும் பருத்திக்கும் எவ்வளவு செய்திருக்கிறது என்பதை அந்த வெப்பமானிகளைப் பார்த்து நின்றவர்கள் நன்றாக அறிவார்கள்.

அந்த பிளான்ட்டில் ஒரு வேலை எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். காற்றைத் தண்ணீர்த் தூறலுக்குள் விட்டு ஈரமாக்குவதுதான் வழக்கம். ஆனால் மழைக்காலத்தில் காற்று அளவுக்கு மீறி ஈரமாக வரும்போது, அதே தூறலுக்குச் சில்லரில் குளிர்வித்த தண்ணீரை விடுவோம். அப்போது அந்தத் தூறலே காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். காரணம் எளியது. எந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கினால் காற்றில் உள்ள நீராவி நீராக இறங்கத் தொடங்குகிறதோ, அதுதான் பனிநிலை. தண்ணீர் அந்தப் பனிநிலையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், காற்றின் ஈரம் அதில் படிந்து இறங்கிவிடும். காற்றை உலர்த்துவது குளிர்ச்சிதான் என்பதை ஆண்டுதோறும் கையால் செய்துவந்தவன், வீட்டுப் பட்டறையில் மட்டும் வடிகட்டி வடிகட்டியாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த முடிச்சு தானாக அவிழவில்லை. மில்லின் யுடிலிட்டி பிரிவில் கம்ப்ரசர்களைக் கவனித்துவந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, கிண்ணம் காய்ந்திருந்ததைச் சொன்னேன். அவர் எனக்கு வழி சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். “மில்லுல கம்ப்ரசருக்கும் டிரையருக்கும் நடுவுல ஆஃப்டர்கூலர் எதுக்குங்க வெச்சிருந்தோம்? உங்க டேங்க் வாய்ல கையை வெச்சுப் பாருங், சொல்றேன்.” சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவிதான் ஆஃப்டர்கூலர். கம்ப்ரசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நீர்ப்பிரிப்பானின் பித்தளைக் கழுத்தில் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியதாயிற்று. 55 டிகிரிக்குக் குறையாது.

அன்று இரவு மில் நாட்களின் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. அதே இடத்தில் எவ்வளவு காற்றைத் திணித்து வைத்திருக்கிறோம் என்பது அதை அனேகமாக மாற்றுவதில்லை. ஜான் டால்டன் 1800களின் தொடக்கத்தில் சொன்ன செய்தி இது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம்தான் அதிகபட்சம். 55 டிகிரியில் அது 104 கிராமாக உயர்ந்துவிடுகிறது. ஐப்பசியில் எங்கள் ஊர்க் காற்று 30 டிகிரியில், 70 விழுக்காடு ஈரத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் 21 கிராம் நீர் இருக்கிறது. கேஜில் ஏழு கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டும்போது வெளிக்காற்றின் ஒரு கிலோ அழுத்தத்தையும் சேர்த்தால் எட்டு மடங்கு. அதாவது எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் ஒடுங்கியிருக்கிறது. எட்டு கன மீட்டரின் ஈரமான 170 கிராம் நீரும் அதனுள் இருக்கிறது. டேங்க் வாயில் 55 டிகிரிச் சூட்டில் அதில் 104 கிராம் ஆவியாகவே நிற்கும். மீதிதான் டேங்கின் அடியில் நீராகத் தங்கும். நீர்ப்பிரிப்பான் துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்கு அது திறந்த கதவுதான். அந்த 104 கிராமும் கிண்ணத்தைத் தாண்டிப் போய், சிமெண்டுத் தரையில் கிடக்கும் ஹோஸில் குளிர்ந்து 30 டிகிரிக்கு வரும்போது, 74 கிராம் நீராக மாறும். அரை மணி நேரம் நிறுத்தாமல் ஸ்பிரே செய்தால் 50 மில்லிக்கு மேல் தண்ணீர் ஹோஸுக்குள்ளேயே பிறக்கிறது. அதில் சில துளிகள்தான் அத்தையின் இயந்திரத்தின் மேல் வந்து விழுந்தவை.

பொருளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. மாட்டிய இடம்தான் தவறு. டேங்க் வாயில் நின்று அது வராத தண்ணீருக்காகக் காத்திருந்தது.

சுவரில் ஏறி இறங்கிய குழாய்

செய்ய வேண்டியது அதன் பிறகு தெளிவாகிவிட்டது: முதலில் குளிர்விக்க வேண்டும், குளிர்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகுதான் பிரஷரைக் குறைக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று முன்னே பின்னே போனாலும் பணம் வீண்.

குளிர்விப்பதற்கு மிகச் சிறந்த இடம் டேங்குக்கு முன்னால்தான். பம்பின் தலையிலிருந்து டேங்குக்குப் போகும் குட்டைக் குழாயில் காற்று 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டை அங்கேயே எடுத்துவிட்டால், தண்ணீரின் பெரும்பகுதி டேங்குக்குள்ளேயே விழுந்துவிடும், அதை அடியில் திறந்துவிட்டால் போதும். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அரைநாள் அலைந்து செம்புக் குழாய் எடை போட்டு வாங்கி வந்தேன். அதைச் சுருளாக வளைத்து, பம்பின் பெரிய சக்கரம் வீசும் காற்றின் பாதையில் நிறுத்தினேன். இங்கே இரண்டு செய்திகளில் கவனமாக இருக்க வேண்டும். டேங்கின் நுழைவாயிலில் காற்று பின்னால் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வையும், மோட்டார் நின்றதும் பம்பில் தங்கிய பிரஷரை வெளியேற்ற அதிலிருந்து பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய அன்லோடர் குழாயையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் அடுத்த முறை சுமையோடு கிளம்பத் திணறும். இரண்டாவது, பம்பின் அதிர்வு. செம்பு அதிர்வைத் தாங்காது. நாளடைவில் நட்டின் அருகே விரிசல் விடும். சுருளைக் கம்ப்ரசரின் சட்டத்திலேயே இரண்டு இடங்களில் ரப்பர் வைத்துப் பிடித்திருக்கிறேன். அப்போதுதான் பம்பும் சுருளும் சேர்ந்து ஆடும்.

டேங்கிலிருந்து வரும் காற்றுக்கு, பட்டறையின் வடக்குச் சுவரில், வெயில் படாத பக்கம், அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வழி போட்டேன். மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி என்று மூன்று முறை. ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு முழத்துக்குக் குழாயை நீட்டி, கால் போல விட்டு, அதன் முனையில் கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் பால் வால்வு வைத்தேன். நீர் கனமானது, காற்று திரும்பும் இடத்தில் அது திரும்பமாட்டாமல் நேராகக் கீழே போய் அந்தக் காலில் தங்கிவிடும். கடைசியாக மேலே குறுக்காக ஓடும் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், கம்ப்ரசரை விட்டு விலகும் திசையில் சரிவு கொடுத்தேன். பயன்படுத்தும் இடத்துக்கு இறங்கும் கிளையைக் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல், மேற்புறத்திலிருந்து கொக்கின் கழுத்துபோல் வளைத்து இறக்கினேன். அடியிலிருந்து எடுத்தால் குழாயின் அடியில் ஓடும் நீரெல்லாம் அந்தக் கிளையில்தான் வந்து இறங்கும். மொத்தம் பதினெட்டு மீட்டர் குழாய். அதன் முடிவில்தான், கை வைத்தால் சுவரைப் போலவே குளிர்ந்திருக்கும் இடத்தில்தான், அந்தப் பழைய நீர்ப்பிரிப்பானை மறுபடியும் மாட்டினேன்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டு மீந்த பி.வி.சி. குழாய் தன்னிடம் நிறைய இருப்பதாகவும், ஜி.ஐ. பைப்புக்குச் செலவு எதற்கு என்றும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். அக்கறையோடு கேட்டவர், மறுப்பது கடினமாக இருந்தது. ஆனாலும் மறுத்தேன். அந்தக் குழாயின் மேல் எழுதியிருக்கும் பிரஷர் அளவு தண்ணீருக்கானது. தண்ணீரை அமுக்கி வைக்க முடியாது. குழாய் உடைந்தால் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். அமுக்கிய காற்று சுருட்டி வைத்த ஸ்பிரிங். குழாய் உடையும் நொடியில் அவ்வளவும் விரியும், வெயிலில் நொறுங்கிப்போகும் தன்மைக்கு வந்துவிட்ட பி.வி.சி. கத்திபோன்ற சில்லுகளாகப் பறக்கும். நம் பக்கத்தில் பல பட்டறைகளில் சுவரோடு சுவராக வெள்ளைக் குழாயில் காற்று ஓடுவதைப் பார்க்கிறேன். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தக் குழாயின் அருகே குழந்தைகளை விடவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீர்ப்பிரிப்பானுக்குப் பிறகுதான், பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டர். இதில் நான் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. ஏழு கிலோவில் 30 டிகிரிக்குக் குளிர்ந்து, நீரெல்லாம் பிரிந்த காற்றுகூட நீராவியால் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் அதை இரண்டு கிலோவுக்கு இறக்கும்போது அது விரிகிறது, அதே நீராவி பெரிய இடத்தில் பரவுகிறது, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்த பிறகு உதறிக் கொடியில் போடுவதுபோல, உயர்ந்த பிரஷரில் பிழிந்துவிட்டுக் குறைந்த பிரஷரில் பயன்படுத்த வேண்டும். எஃப்.ஆர்.எல். என்று வடிகட்டி, ரெகுலேட்டர், எண்ணெய்க் கிண்ணம் மூன்றும் சேர்த்து விற்கும் யூனிட்டை வாங்குபவர்கள், அதில் எண்ணெய் சொட்டவிடும் மூன்றாவது கிண்ணத்தைப் பெயிண்ட் அடிக்கும் வழியில் சேர்த்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காற்றில் ஓடும் கருவிகளுக்கு அது உணவு, பெயிண்டுக்கு நஞ்சு.

சிலிக்கா ஜெல்

இவ்வளவுக்கும் முன்பாகவே, எல்லோரும் சொல்கிறார்கள் என்று நீல மணிகள் நிறைந்த சிலிக்கா ஜெல் குடுவை ஒன்றையும் வாங்கியிருந்தேன். ஹோஸின் இடையில் மாட்டினேன். ஒரே மாலையில் நீலம் இளஞ்சிவப்பாகிவிட்டது. அதோடு உள்ளே பொரி பொரிவதுபோல் மெல்லிய சத்தமும் கேட்டது. கழற்றிப் பார்த்தால் மணிகள் வெடித்துத் தூளாகியிருந்தன. ஆவியை உறிஞ்சத் தெரிந்த அந்த மணிகள், நீர்த்துளி நேராக மேலே பட்டால் உடைந்துவிடும் என்பதை அன்று பார்த்தேன். ஒரு கிலோ ஜெல் நடைமுறையில் 200, 250 கிராம் நீருக்கு மேல் குடிக்காது. என் கம்ப்ரசரோ ஒரு மணி நேர ஓட்டத்தில் 200 மில்லி தண்ணீரை உண்டாக்குகிறது. குளிர்வித்துப் பிரிக்காத காற்றைச் சிலிக்கா ஜெல்லுக்குக் கொடுப்பது, கிணற்றைத் துண்டு போட்டு ஒற்றி எடுக்கும் வேலை.

இப்போது அதே குடுவை பதினெட்டு மீட்டர் குழாய்க்கும் நீர்ப்பிரிப்பானுக்கும் ரெகுலேட்டருக்கும் பிறகு, கடைசி ஆளாக நிற்கிறது. பெயிண்ட் அடிக்கும் நாளில் மட்டும் திறக்கிறேன். பல வேலைகளுக்கு ஒரே நிரப்பல் வருகிறது. நிறம் மாறியதும் அதற்கென்றே வைத்திருக்கும் பழைய மின்சார ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடியும் உயிர் வந்துவிடும். சமையலறை ஓவனில் வைக்கக் கூடாது. நீல மணிகளில் இருக்கும் கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாதது. இந்த முறை கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணிகளுக்கு மாறிவிட்டேன். குளிர்பதன டிரையர் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 3 டிகிரிப் பனிநிலை வரை இறக்கும் நல்ல கருவிதான். நாள் முழுதும் காற்று ஓடும் ஏர்ஜெட் தறிக் கூடத்துக்கு அது வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்யும் பட்டறைக்கு அது அதிகம். அதற்கும் குளிர்ந்த காற்றைத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், செம்புச் சுருள் வேலை எப்படியும் மிஞ்சும்.

நான்காவது முறை பெயிண்ட் அடிப்பதற்குக் கார்த்திகை பிறக்கும்வரை காத்திருந்தேன். அதற்கு முன்பே, சோதனைக்காக ஒரு பலகையில் லாக்கர் என்னும் சீக்கிரம் காயும் பூச்சை அடித்துப் பார்த்ததில், குழாயில் சொட்டு நீர் இல்லாதபோதும் மேற்பரப்பு பாலாடைபோல் வெளுத்தது. மனம் உடைந்துபோயிற்று. பிறகுதான் அது குழாயின் குற்றமல்ல என்று புரிந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்வித்துவிடுகிறது. பட்டறையில் நிற்கும் காற்றின் பனிநிலைக்குக் கீழே அது இறங்கினால், வெளிக்காற்றின் ஈரமே ஈரப் பெயிண்டின் மேல் படிந்துவிடும். அன்று காலை உலர் குமிழ் 28, ஈரக் குமிழ் 24. ஈரப்பதம் 72 விழுக்காடு, பனிநிலை 22-க்கும் மேல். அடை மழைக்கு நடுவில் அடித்தது என் தவறு. அடிக்கும் பொருளின் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பழைய விதி. சீக்கிரம் ஆவியாகும் தின்னருக்கு அதுவும் போதாது. மில்லை விட்டு வந்தபோது நினைவாக எடுத்து வைத்திருந்த இரட்டை வெப்பமானி இப்போது பட்டறைக் கதவின் உட்புறம் தொங்குகிறது. திரியை நனைத்துவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறேன்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நண்பகலில் இயந்திரத்துக்கு நான்காவது முறையாக அடித்தேன். கன் இருமவில்லை. மூன்று பூச்சு ஏறியது, ஒரு குழியும் விழவில்லை. மறுவாரம் காங்கேயத்தில் கொண்டுபோய் இறக்கியபோது அத்தை வேறு எதையும் பார்ப்பதற்கு முன், முன்பு குழி விழுந்திருந்த அந்தக் கை வளைவைத்தான் உள்ளங்கையால் தடவினார். “நல்லா இருக்குது கண்ணு” என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடப் போனார்.

அதற்குப் பிறகும் ஒரு வேலையை நான் விடவில்லை. பட்டறையை மூடும் முன், டேங்கின் அடியில் இருக்கும் வால்வையும் சுவரில் இருக்கும் மூன்று கால்களையும் நீர்ப்பிரிப்பானையும் திறந்து, வரும் நீரை அளந்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியின் கீழ் குறிக்கிறேன். டேங்கில் தண்ணீர் நின்றால் உள்ளே துரு அரிக்கும், எவ்வளவு அரித்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. கம்ப்ரசர் எண்ணெய் கலந்து மோர்போல் வெளுத்துவரும் அந்த நீரைத் தென்னம்பாத்தியில் ஊற்றாமல், கேனில் சேர்த்து வைக்கிறேன். கார்த்திகையில் மழை பெய்த ஒரு நாள், கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடியதற்கு 190 மில்லி வந்தது. அதில் 150 டேங்கிலிருந்து. முதல் காலிலிருந்து 30. இரண்டாவது காலிலிருந்து 10. மூன்றாவது காலில் வால்வின் வாய் மட்டும் நனைந்திருந்தது. நீர்ப்பிரிப்பானின் கிண்ணம் அன்றும் காய்ந்துதான் இருந்தது. ஹோஸின் முனையில் பிடித்த செய்தித்தாளும் காய்ந்திருந்தது.